எண்பத்து மூன்று லேபிள்கள்

கல்லூரி அருங்காட்சியகக் காப்பாளர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கற்களை எடுத்துப் பரப்பினேன். எண்பத்து மூன்று கற்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன வெள்ளை அட்டைப் பெட்டியில், பஞ்சின் மேல் இருந்தது. மேசை போதவில்லை. மிச்சத்தைத் துணி தேய்க்கும் பலகையில் வைத்தேன்.

என் மனைவியின் கற்கள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதித்து எழுதிக் கொடுப்பவன். அன்று காலையில் பதினோரு பேரிடம் "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டிருந்தேன். பதினோரு பேரும் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன். எட்டு மாதமாக அந்த வேலையில் ஒரு தவறும் செய்யவில்லை. அதில் எனக்கே ஆச்சரியம்.

அவளும் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள்தான். மைனஸ் ஆறு. அவ்வளவு கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டால், மூக்குக்கு எதிரில் இருக்கும் சின்னப் பொருள் மற்றவர்களுக்குத் தெரிவதைவிடப் பெரிதாகத் தெரியும். அன்று கண்ணாடியைக் கழற்றியதும் அவள் கைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "உங்க லென்ஸை விட இதுதான் நல்லா இருக்கு" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவளுக்கு எல்லாக் கல்லும் வேண்டியதில்லை. பேர் பெற்ற சுரங்கங்களிலிருந்து வந்த கல்தான் வேண்டும். வெள்ளிச் சுரங்கம், ஈயச் சுரங்கம், மலைப் பிளவு எதுவானாலும் சரி. அதிலும் பலது மூடிப்போனவை. ஒன்றில் தண்ணீர் புகுந்திருக்கும். ஒன்றைக் கான்கிரீட் ஊற்றி அடைத்திருப்பார்கள். "இனிமே வராது" என்பாள். ஒரு கல்லைப் பற்றி அவள் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு அது. ஒரே மாதிரி இரண்டு ஊதாக் கற்களைக் காட்டி, இது அந்தச் சுரங்கம், இது இந்தச் சுரங்கம் என்பாள். எனக்கு இரண்டும் ஊதா.

எந்தச் சுரங்கம் என்பதைக் கல் சொல்லாது. லேபிள்தான் சொல்லும். கல் கைமாறும்போது லேபிளும் கூடவே போகும். வாங்கியவர் தன் லேபிளை எழுதி அடியில் சேர்ப்பார். முன்பிருந்ததை எடுக்கமாட்டார். அவளுடைய பெட்டிகள் ஒன்பதில் இப்படிப் பழைய லேபிள்கள் இரண்டு, மூன்று என்று அடுக்காக இருந்தன. கைக்குக் கை, தாளுக்குத் தாள். மற்ற பெட்டிகளில் அவள் எழுதியது மட்டும்.

மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தாள். எட்டாம் நாள் சொன்னாள், "கல்லையெல்லாம் மேடத்துக்கிட்ட குடுத்துடு. காலேஜ் அருங்காட்சியகத்துல ஒரு தட்டு தர்றேன்னு சொல்லியிருக்காங்க. என் பேர் போடுவாங்க." பிறகு, "நீ வச்சிருந்தா தூசிதான் படியும்" என்றாள். அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

மூன்று மணிக்கு வரவிருந்த காப்பாளர் அந்த மேடம்தான். பெட்டிகளில் அவள் லேபிள் ஒன்றுகூட இல்லை.

எடுத்தவன் நான்.

இந்தக் காலத்தில் யார் கையால் எழுதுகிறார்கள்? அவள் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. காய்கறிப் பட்டியல்கூட ஃபோனில்தான் வரும். மூன்றாம் மாதம் ஒரு மதியம், அவள் எழுத்து எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. இடது கைக்காரி, எழுத்து பின்பக்கம் சாயும் என்பது தெரியும். ஆனால் கண் முன்னால் வரவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் ஒரு கல்லைத் தூக்கினேன். அடியில் இருந்தது.

கறுப்பு மை. விசிட்டிங் கார்டில் பாதி அளவு. கல்லின் பெயர், சுரங்கம், யாரிடமிருந்து வந்தது, வருடம். அதற்குக் கீழே, இடம் மிச்சமிருந்ததால், ஒரு வரி: "மழையில் போய் வாங்கியது. குடை அவரிடம்."

அடுத்ததைத் தூக்கினேன். "தங்கமா என்று கேட்டார். இல்லை என்றதும் தூங்கப் போய்விட்டார்."

அடுத்தது. "நல்ல கனம். இவரைப் போலவே பேசாது."

மாலைக்குள் எண்பத்து மூன்றையும் எடுத்துவிட்டேன். எந்தத் தாள் எந்தக் கல்லின் அடியில் இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. எனக்குக் கற்கள் தேவைப்படவில்லை. கடைக் கண்ணாடிக் கூடு ஒன்றில் அடைத்து மூடினேன். அது சட்டைப் பையில் இருக்கும். கடையில் ஆள் இல்லாதபோது ஒன்றை எடுத்துப் படிப்பேன், திரும்ப வைப்பேன். அழுவதெல்லாம் இல்லை. படிப்பேன், அவ்வளவுதான்.

வீட்டைச் சுத்தம் பண்ணும்போது தொலைந்துவிட்டது என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன்.

*

இரண்டே முக்காலுக்கு மச்சினி வந்தாள். என் மனைவியின் தங்கை. பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். சனிக்கிழமை தோறும் ஏதாவது சமைத்து எடுத்து வருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

"என்ன மாமா, கடை விரிச்சுட்டீங்க? எல்லாத்தையும் குடுக்கப் போறீங்களா?"

"உங்க அக்கா சொன்னது."

"சொன்னா சொன்னதுதான். எனக்கு ஒரு பச்சைக் கல்லு தர்றேன்னும் சொன்னா. ஆறு வருஷமா சொன்னா."

"எடுத்துக்கோ."

"வேணாம். அவ வந்து கையை வெட்டுவா." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வரும்போது என் சட்டைப் பையைப் பார்த்தாள். "ரொம்ப நாளா கேக்கணும்னு. கண்ணாடி போடாதவருக்கு எதுக்கு மாமா கண்ணாடிக் கூடு?"

"கடை விளம்பரம்."

"பைக்குள்ள வச்சா எவன் பார்ப்பான்?"

அழைப்பு மணி அடித்தது.

காப்பாளருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. இரண்டு கையிலும் காலித் தட்டுகள், தோளில் ஒரு பெரிய பை.

"லிஃப்ட் இல்லாத வீட்டுல மூணாவது மாடியில உக்காந்து கல்லு சேர்த்திருக்கா பாருங்க உங்க பொண்டாட்டி. உருப்படியா தபால் தலை சேர்த்திருக்கலாம். தண்ணி குடுங்க தம்பி."

ஒரே மூச்சில் குடித்தார். மேசையைப் பார்த்தார்.

"இவ்வளவு இருக்கும்னு நெனைக்கல" என்றார். "ஒண்ணு ரெண்டுதான் எங்கிட்ட கொண்டுவந்து காட்டுவா. திருட்டுப் பொண்ணு."

உட்கார்ந்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். முதல் பெட்டியை எடுத்து, கல்லைத் தூக்கி, அடியில் பார்த்தார். பஞ்சை எடுத்துப் பார்த்தார். இரண்டாவது பெட்டியை எடுத்தார். ஐந்தாவது வரை போனார். பிறகு லென்ஸை இறக்கினார்.

"லேபிள் எங்க தம்பி?"

"வீடு சுத்தம் பண்ணும்போது தொலைஞ்சிருக்கும் மேடம்."

"யாரு சுத்தம் பண்ணா?" மச்சினி கேட்டாள். "நீங்களா? இந்த வீட்டையா?"

காப்பாளர் அவளைக் கவனிக்கவில்லை. "கேட்டலாக் ஏதாவது?"

"அது மாதிரி எதுவும் எழுதி வைக்கல."

"கல்லுல நம்பராவது போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ஒரு புள்ளி வெள்ளைப் பெயின்ட், அதுமேல ஒரு நம்பர். எல்லாரும் பண்றதுதான். 'அது என்ன கைதியா மேடம், முதுகுல நம்பர் குத்த?'ன்னு கேட்டா. பெரிய வக்கீல்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஃபோன்ல படம் எடுத்திருப்பாளே?"

"எடுத்திருக்கா. ஒவ்வொண்ணையும் நாலு பக்கமும். கல்லு மட்டும்தான். பேர் எதுவும் இல்ல."

காப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். களைத்துப்போனவர்போல் இருந்தார்.

"தம்பி, ஒளிச்சுப் பேசி என்ன ஆகப்போகுது. லேபிள் இல்லாம அலமாரியில வைக்க முடியாது. இது என் சட்டம் இல்ல. எந்த அருங்காட்சியகத்துலயும் அப்படித்தான். எங்கேருந்து வந்ததுன்னு தெரியாத கல்லு வெறும் கல்லு."

"அப்ப இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"பிள்ளைங்க தட்டுன்னு ஒண்ணு இருக்கு. முதல் வருஷப் பசங்க பழகறதுக்கு. ஆணியால கீறுவாங்க. ஆசிட் ஒரு சொட்டு விடுவாங்க. நுரைச்சா கால்சைட், நுரைக்கலைன்னா வேற. சுத்தியல் எடுத்துத் தட்டுறவனும் உண்டு." ஒரு பெட்டியை விரலால் நகர்த்தினார். "மூணு வருஷத்துல மண்ணாயிடும்."

மச்சினி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். சட்டைப் பை கனத்தது. நூறு கிராம் இருக்காது.

சொல்லியிருக்கலாம். எட்டு மாதத்தில் எந்த விஷயத்தையும் சட்டென்று செய்ய எனக்கு வரவில்லை.

காப்பாளர் எழுந்து போகவில்லை. ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்க ஆரம்பித்தார். பன்னிரண்டாவது பெட்டியில் நிறுத்தினார். அதன் அடியில் மூன்று பழைய தாள்கள் இருந்தன. பழுப்பேறி, ஓரம் கிழிந்தவை. மறுபடி தேடினார். இன்னொரு பெட்டி. இன்னொன்று. ஒன்பது பெட்டிகளையும் தனியாக எடுத்து வரிசையாக வைத்தார்.

"இது வேடிக்கையா இருக்கே" என்றார்.

"என்ன மேடம்?" மச்சினி கிட்டே வந்தாள்.

"இந்தப் பழைய லேபிள் எல்லாம் அப்படியே இருக்கு. இதைப் பாரு, நூறு வருஷத்துக் காகிதம். தெரிஞ்சவன் திருடினா முதல்ல இதைத்தான் எடுப்பான். தெரியாதவன் குப்பைன்னு நெனச்சா, அவனும் முதல்ல இந்த அழுக்குக் காகிதத்தைத்தான் தூக்கிப் போடுவான். ரெண்டும் நடக்கல." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தப் பொண்ணு எழுதினதை மட்டும் ஒருத்தன் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கான். சுத்தம் பண்றவன் பண்ற வேலை இல்ல இது."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யவேண்டும் என்று எட்டு மாதமாக நினைக்கிறேன்.

"மாமா" என்றாள் மச்சினி, மெதுவாக. "அந்தக் கூட்டைக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். திறந்தாள். மூடி விறைப்பாக இருக்கும். அவ்வளவு அடைத்திருந்தேன். தாள்கள் மேசையில் சரிந்தன. அவள் மேலே இருந்த ஒன்றை எடுத்துப் படித்தாள்.

"'தங்கச்சி பச்சை கேட்கிறாள். தரமாட்டேன்.'" வாய்விட்டுச் சிரித்தாள். "பாவி. தரமாட்டேன்னு எழுதியே வச்சிருக்கா." அந்தத் தாளை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

காப்பாளர் தாள்களைத் தொடவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தனை இருக்கு?"

"எண்பத்து மூணு."

"ஒண்ணுகூடக் குறையலையே?"

"தினமும் எண்ணுவேன்."

"சரி. டீ போடத் தெரியுமா உங்களுக்கு? போடுங்க. இதுக்கு நேரமாகும்."

*

மூன்றேகாலிலிருந்து ஆறு மணி வரை சேர்த்தோம்.

முதலில் தாள்களைக் கல்லின் பெயரை வைத்துப் பிரித்தோம். மச்சினி வாசிப்பாள். காப்பாளர் கற்களைப் பிரிப்பார். நான் பெட்டியில் வைப்பேன். ஒரே ஒரு கல் உள்ள இனங்கள் சீக்கிரம் முடிந்தன. கத்தியால் வெட்டியதுபோல் கனசதுரமாக இருந்த மஞ்சள் உலோகக் கல் பைரைட். தங்கமா என்று நான் கேட்டது. பழைய லேபிள் இருந்த ஒன்பதிலும் கஷ்டமில்லை. அவற்றிலிருந்த சுரங்கத்தின் பெயரையே அவளும் எழுதியிருந்தாள். மற்றவற்றில்தான் சிக்கல். ஃபுளோரைட் மட்டும் பதினான்கு. குவார்ட்ஸ் பதினொன்று.

காப்பாளர் ஒரு பச்சை ஃபுளோரைட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெயில் பட்டதும் அது ஊதாவாகத் தெரிந்தது. உள்ளே கொண்டுவந்தார், மறுபடி பச்சை.

"இப்படிப் பச்சோந்தி வேலை காட்டுறது ரொம்பக் கொஞ்ச சுரங்கத்துலதான். இந்தப் பதினாலுல ஒரு தாள்தான் அந்தப் பக்கத்துச் சுரங்கத்தைச் சொல்லுது. இந்தா, போடு."

அந்தத் தாளில், "வெயிலில் காட்டச் சொன்னேன். அப்புறம் பார்க்கிறேன் என்றார்" என்று இருந்தது. நான் அதுவரை பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன்.

ஒவ்வொன்றிலும் அவர் எதையோ கண்டுபிடித்தார். ஒட்டியிருந்த தாய்ப்பாறையின் நிறம், ஓரத்தில் ஒரு துளி கறுப்பு, படிகம் நிற்கும் கோணம். சிலவற்றில் பத்து நிமிடம் யோசித்தார். சிலவற்றில் அவள் எழுதிய வரியே வழி சொன்னது. "எறும்பு போல ஒரு புள்ளி உள்ளே" என்றொரு தாள். ஒரு குவார்ட்ஸில் எறும்பு இருந்தது. அதைக் கண்டுபிடித்தது மச்சினி. லாட்டரி விழுந்ததுபோல் கத்தினாள்.

நடுவில் காப்பாளர் சொன்னார், "நல்லா எழுதியிருக்கா. எங்க ஆளுங்க லேபிள்ல பேரும் ஊரும் தவிர எதுவும் இருக்காது. செத்துப்போன எழுத்து." சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் பரவாயில்லை என்று தலையசைத்தேன்.

அறுபதைத் தாண்டியபோது கேட்டேன்.

"மேடம், இதை நகல் எடுத்து உங்களுக்குத் தந்தா போதாதா? அப்படியே அச்சா இருக்கும். நல்ல தாள்ல எடுக்கலாம்."

"நகல் நீங்க எடுத்து வச்சுக்கோங்க. அசல் கல்லோட போகணும்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "லேபிளும் சுரங்கம் மாதிரிதான் தம்பி. எழுதின கை மூடிடுச்சு. இனிமே வராது. அதனாலதான் கேக்கறேன்" என்றார்.

அவள் சொல்லும் அதே சொல். எங்கே கற்றுக்கொண்டாள் என்பது அப்போது தெரிந்தது. நான் மறுபடி கேட்கவில்லை. மச்சினி யாரையும் கேட்காமல் ஒவ்வொரு தாளையும் ஃபோனில் படம் எடுக்க ஆரம்பித்தாள்.

கூடு காலியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தாளும் ஒரு கல்லின் அடியில் போனது. வலிக்கவில்லை. கை மட்டும் அசதியாக இருந்தது, நாள் முழுக்கத் துணி பிழிந்ததுபோல்.

ஆறு மணிக்கு இரண்டு கற்களும் இரண்டு தாள்களும் மிஞ்சின.

இரண்டும் கால்சைட். இரண்டும் தேன் நிறம், கட்டைவிரல் நீளம், கூம்பு போன்றவை. தாள்களில் இரண்டு வேறு சுரங்கங்கள் இருந்தன. ஒரு தாளில் கீழே எதுவும் எழுதவில்லை. இன்னொன்றில் இப்படி இருந்தது: "முனை உடைந்தது. உடைத்தவர் ஒப்புக்கொள்ளவில்லை."

"இது சுலபம்" என்றாள் மச்சினி. "முனை உடைஞ்சதை எடுங்க."

காப்பாளர் இரண்டையும் லென்ஸில் பார்த்தார். "ரெண்டுக்கும் மூக்கு உடைஞ்சிருக்கு."

"ரெண்டுக்குமா?"

"ஒண்ணு சுரங்கத்துலயே உடைஞ்சிருக்கும். எது முன்னாடி, எது பின்னாடின்னு எனக்குத் தெரியல. உடைஞ்ச இடம் ரெண்டும் ஒரே மாதிரி. நிறமும் ஒண்ணு. தாய்ப்பாறை ஒட்டல." திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வைத்துவிட்டார். "போதும். எண்பத்து ஒண்ணு தேறிடுச்சு. அதுவே பெரிய விஷயம்."

"இந்த ரெண்டு?"

"தப்பான லேபிள் போடறதை விடப் போடாம விடறது நல்லது. பிள்ளைங்க தட்டுக்குப் போகட்டும்." என் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "இந்த ரெண்டு தாளையும் நீங்க வச்சுக்கோங்க தம்பி. நியாயமாவே உங்களுதுதான். யாரும் கேக்க மாட்டாங்க."

இரண்டு தாள்களையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஒன்றில் வெறும் பெயரும் வருடமும். இன்னொன்றில் நான். எண்பத்து மூன்றில் நான் அதிகம் படித்தது அதைத்தான். ஓரம் தேய்ந்திருந்தது.

காப்பாளர் பஞ்சு வெட்டத் தொடங்கினார். மச்சினி டீ கிளாஸ்களை அடுக்கினாள். நான் தாளைக் கூட்டில் வைத்து மூடலாம். அவர்கள் யாருக்கும் தெரியாது. கல் இரண்டும் தட்டுக்குப் போகும். யாரோ ஒரு பையன் ஆசிட் விடுவான், நுரைக்கும், கால்சைட் என்று நோட்டில் எழுதுவான். அந்தப் பையன் எழுதியது சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு கற்களையும் எடுத்தேன். கண்ணால் பார்த்தால் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. இதுவா, அதுவா.

வலது கைக் கல்லின் அடியில் ஒரு குழி இருந்தது. கட்டைவிரல் அதில் போய் உட்கார்ந்தது. தேடாமல் உட்கார்ந்தது.

"இதுதான்" என்றேன்.

காப்பாளர் நிமிர்ந்தார். "என்ன?"

"உடைஞ்சது இது. அந்த லேபிள் இதோடது."

"எப்படித் தெரியும்?"

"நான்தான் உடைச்சேன்."

மச்சினி கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும். ஞாயித்துக்கிழமை. மேசையில லேப்டாப் வைக்க இடம் இல்லைன்னு பெட்டியைத் தள்ளினேன். சமையலறைப் பக்கம் விழுந்துது. பொறுக்கி எடுக்கும்போது விரல் இந்தக் குழியில மாட்டுச்சு. முனை தனியா கிடந்தது. குப்பையில போட்டுட்டுக் கல்லை அப்படியே வச்சுட்டேன். அவ கேட்டப்போ, பார்சல்லயே அப்படித்தான் வந்திருக்கும்னு சொன்னேன்."

"நம்பினாளா?"

"ஒண்ணும் சொல்லல. நம்பிட்டான்னுதான் நெனச்சேன்." தாளை மேசையில் வைத்தேன். "இதைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

"பார்சல்ல வந்ததுன்னா சொன்னீங்க?" மச்சினி சொன்னாள். "மாமா, வந்த அன்னைக்கே நாலு பக்கமும் படம் எடுக்கறவ அவ."

அது எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு வருடம்.

அவள் ஃபோன் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தோம். இரண்டு வருடத்துக்கு முந்தைய படங்களைத் தேடியதில் பத்து நிமிடம் ஆனது. தேன் நிறக் கல், நான்கு படங்கள், கூர்மையான முனையுடன். நான்காவது படம் அடிப்பக்கம். குழி இருந்தது. மறுவாரத்தில் அதே கல்லுக்கு ஐந்தாவது படம் ஒன்று, முனை இல்லாமல்.

காப்பாளர் படத்தையும் கல்லையும் லென்ஸில் மாறி மாறிப் பார்த்தார். "சரி" என்றார். "அப்ப இன்னொரு தாள் இன்னொண்ணோடது. எண்பத்து மூணும் ஆச்சு."

கை நீட்டினார். இரண்டு தாள்களையும் கொடுத்தேன். அவற்றை உடனே பெட்டியில் வைக்கவில்லை. பையிலிருந்து இரண்டு வெற்றுத் தாள்களையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க."

"என்ன எழுத?"

"கல்லு உங்க கையில எட்டு மாசம் இருந்திருக்கு. கைமாறின எல்லார் லேபிளும் இருக்கணும். லேபிளை எடுத்தது யாரு, திரும்பச் சேர்த்தது யாருன்னு பொதுவா ஒரு தாள். இந்தக் கல்லுக்கு மட்டும் தனியா ஒண்ணு, எப்படித் தெரிஞ்சுதுன்னு. மறைக்காம எழுதணும். பின்னாடி பார்க்கறவன் ஏமாறக்கூடாது."

பொதுத் தாளை முதலில் எழுதினேன். மருந்துச் சீட்டு மாதிரி வந்தது. அவர் படித்துவிட்டுச் சரி என்றார். இரண்டாவதுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மச்சினி குழாயை இறுக்கிப் பார்த்தாள். சொட்டுவது நிற்கவில்லை.

எழுதினேன்: "கால்சைட். முனை உடைந்தது வீட்டில், சமையலறைத் தரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடியில் உள்ள குழியாலும் படங்களாலும் உறுதி. உடைத்தவன் நான். ஒப்புக்கொள்கிறேன்."

காப்பாளர் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மறுபடி அருகே கொண்டுபோனார்.

"இதென்ன எழுத்து, கோழி கிளறின மாதிரி? கண் டாக்டர் வேற."

"டாக்டர் இல்ல மேடம். பவர் பார்க்கறவன்."

"அதான் பார்க்கறேன்." அவள் தாளை முதலில் வைத்து, அதன் மேல் என்னுடையதை வைத்து, இரண்டையும் ஒன்றாக மடித்தார். பஞ்சுக்குக் கீழே செருகினார். கல்லை மேலே வைத்தார். "அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் திட்டிக்கிட்டே படிப்பான்."

மூன்று தட்டுகள் நிறைந்தன. நான் இரண்டைத் தூக்கிக்கொண்டேன், மச்சினி ஒன்றை. ஒவ்வொரு படியாகப் பார்த்து வைத்து இறங்கினோம். காப்பாளர் முன்னால் போய்க்கொண்டே, "ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க, அதுலயும் அவர் கையில இருக்கறதைப் பார்த்துக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கார் போனதும் மச்சினி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். "டப்பாவில சாப்பாடு இருக்கு. சாப்பிட்டுட்டு ஃபோன் பண்ணுங்க. படிச்சுக் காட்டறேன், எல்லாத்தையும் எடுத்திருக்கேன்."

"சரி."

மேலே வந்தேன். மேசை காலியாக இருந்தது. வெள்ளைப் பெட்டிகள் இருந்த இடத்தில் பஞ்சுத் துணுக்குகள். துடைத்தேன். கண்ணாடிக் கூட்டை மூடினேன். இந்த முறை சுலபமாக மூடியது. திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோக அதைச் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்தேன்.